கோபுரத்தைப் பிடித்திருப்பது மண்

"இவ்வளவு கனத்தையும் இந்தக் கான்கிரீட் தாங்குமா சார்?"

உயர்மின் கோபுரத்துக்கு வயலில் குழி வெட்டும்போது நிலத்துக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அஸ்திவாரம் வடிவமைக்கும் என் போன்ற சிவில் பொறியாளர்களுக்குக் கவலை வேறு. வீடு கட்டும்போது அது மண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாது என்று கணக்குப் போடுகிறோம். மின்கோபுரம் கட்டும்போது அதைக் காற்று மண்ணிலிருந்து பிடுங்கிவிடக் கூடாது என்று கணக்குப் போடுகிறோம்.

ஆங்கிள் இரும்பைப் பின்னிக் கட்டிய கோபுரம் அதன் உயரத்துக்கு எடை குறைவானது. கோபுரத்தின் மேல் அடிக்கும் காற்றோடு, இரு பக்கமும் நூற்றுக்கணக்கான மீட்டர் தொங்கும் கம்பிகளின் மேல் அடிக்கும் காற்றும் அதன் தலையில்தான் வந்து சேர்கிறது. அப்போது ஒரு பக்கத்துக் கால்கள் மண்ணை அழுத்தும். காற்று வரும் பக்கத்துக் கால்கள் மேலே இழுபடும். இந்த இழுவைதான் அஸ்திவாரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கோவைக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர் என்றும், சென்னைக்கு 50 மீட்டர் என்றும் அடிப்படைக் காற்று வேகத்தை வகுத்திருக்கிறது. உயரம், நில அமைப்பு போன்ற திருத்தங்களைச் சேர்க்காமல் பார்த்தாலே, கோவையில் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. சென்னையில் 153 கிலோ. அந்த 11 மீட்டர் வித்தியாசம் விசையை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த டெல்டா மக்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இழுபடும் காலை எது பிடித்துக்கொள்கிறது? கான்கிரீட் மட்டுமல்ல. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண். கால் மேலே வர வேண்டுமானால் தன் தலைமேல் உள்ள மண்ணையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த மண் அடி குறுகி வாய் விரிந்த அன்னக்கூடை வடிவில் பெயரும் என்பது எங்கள் கணக்கு. நல்ல காய்ந்த மண்ணில் அந்த விரிவு 30 பாகை. கன மீட்டருக்கு 1,440 கிலோ. நீர் நிற்கும் மண்ணில் 15 பாகைதான்; எடையும் 940 கிலோதான்.

ஓர் உதாரணம். 3 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் சதுர அடித்தளம் என்று வையுங்கள். காய்ந்த மண் என்றால் அதன் மேல் சுமார் 100 டன் மண் காவல் இருக்கிறது. அதே அஸ்திவாரத்தை நீர் ஊறும் நெல்வயலில் வைத்தால் 41 டன்தான். அதனால்தான் பொங்கலூர் பக்கத்துக் காய்ந்த காட்டுக்குப் போட்ட வரைபடத்தைத் தஞ்சாவூர் வயலுக்கு எடுத்துப்போக முடியாது. ஒரே ஊரில்கூட மண் மாறும். கரிசல் ஒரு கணக்கு, சுக்கான் பாறை ஒரு கணக்கு. மண் பரிசோதனை அறிக்கை வராமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வரைபடம் சரியாக இருந்தால் போதாது. குழியை மூடும் வேலையை நின்று பார்க்க வேண்டும். அரை அடி அரை அடியாக மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கினால்தான் அந்த 100 டன் உண்மையிலேயே காலைப் பிடிக்கும். ஒருமுறை நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள், ஜே.சி.பி. வைத்து முழுக் குழியையும் ஒரே தள்ளாகத் தள்ளி மூடியிருந்தார்கள். மேலே பார்த்தால் சமதரை. கடப்பாரையை ஊன்றினேன், தடையே இல்லாமல் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. நான்கு குழிகளையும் திரும்பத் தோண்ட வைத்தேன். ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விவசாயிகளுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2015-இல் மத்திய மின்துறை வகுத்த வழிகாட்டுதலில் கோபுரத்தின் அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு; 2024-இல் அது 200 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நாங்கள் எண்ணிய மண்ணோ அந்த அடிப்பரப்பைத் தாண்டியும் விரிகிறது. நிலத்துக்காரருடைய மண்ணின் எடையை எங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அவரிடம் அதைச் சொல்வதே இல்லை. இது தவறு. குழி வெட்டும் அன்றே, எது வரை இந்த மண் வேலை செய்கிறது என்று அவர் வயலில் கயிறு கட்டிக் காட்ட வேண்டும்.

ஏனென்றால், அந்த உதாரணக் கூடையில் மேலே ஒரு மீட்டர் மண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். கூடையின் வாய் அகலமானது என்பதால், 100 டன்னில் 50 டன் போய்விடும். இரும்பு அப்படியே நிற்கும்; கான்கிரீட்டில் ஒரு கீறல் இருக்காது; அடுத்த புயல் வரை யாருக்கும் தெரியாது.

உங்கள் வயலிலோ ஊர் எல்லையிலோ மின்கோபுரம் இருந்தால், அதன் கால்களைச் சுற்றிச் சில மீட்டருக்குச் செங்கல் சூளைக்கோ சாலைக்கோ மண் எடுக்க விடாதீர்கள். வாய்க்கால் அரித்துக் கால் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால், பக்கத்துத் துணை மின் நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே சொல்லுங்கள்.