எடை மெஷின் காட்டாத இழப்பு

நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களை மருத்துவர்கள் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். அவசியமான ஆலோசனைதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் இன்னொரு சேதம் தப்பிவிடும். தொடையிலும் தோளிலும் தசை கரையும். அதே சமயம் காலிலும் வயிற்றிலும் நீர் கோத்துக்கொள்ளும். எடை அப்படியே நிற்கும். நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகுதான் ஆள் எவ்வளவு உருகிப்போனார் என்பது வீட்டாருக்குத் தெரிகிறது.

இது வெறும் மெலிவு அல்ல. 1997இல் ஸ்டீஃபன் ஆங்கரும் சகாக்களும் 'லான்செட்' இதழில் 171 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குறைந்தது ஆறு மாத காலத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்களில் பாதிப் பேர் 18 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 17 சதவீதம். வயதையும் இதயத்தின் வலிமையையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இதயம் தளரும்போது அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. தசை உருவாவதைவிட வேகமாகச் சிதைகிறது. குடல் சுவரிலும் நீர் கோப்பதால் பசி மங்கும். மூச்சு வாங்குமே என்று உட்கார்ந்தே இருப்பதால் மிச்சத் தசையும் போகிறது. அழற்சிப் புரதத்தை முடக்கும் மருந்துகளும் பெரிய சோதனைகளில் கைகொடுக்கவில்லை. இதோடு நம் வீடுகளின் பத்தியம் வேறு. உப்பைக் குறைக்கச் சொன்னால் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியோடு விட்டுவிடுகிறோம். சிறுநீரகம் கெட்டிருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களைப் பட்டினி போட எந்தக் காரணமும் இல்லை.

இளைத்தால் இதயத்துக்குச் சுமை குறையுமே என்பார்கள். பருமனானவர் திட்டமிட்டு எடை குறைப்பது வேறு. முயலாமலே எடை குறைவது ஆபத்தின் அறிகுறி. பலவீனமான இதயத்தோடு நடக்கலாமா என்ற பயமும் நியாயமானது. 2331 பேரிடம் நடந்து 2009இல் முடிவு வெளியான ஆய்வில், நிலையான நோயாளிகளுக்கு முறையான உடற்பயிற்சி ஆபத்தைக் கூட்டவில்லை. ஆயுள் நீண்டதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடக்கும் திறனும் வாழ்க்கைத் தரமும் ஓரளவு உயர்ந்தன. மருத்துவர் அனுமதித்தால், நெய்வேலி டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகளில் வெயில் ஏறுமுன் நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இந்தக் கவனிப்பு எட்ட வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையே வீட்டுக்கு வருகிறது. அங்கேயே தசையையும் சோதிக்கலாம். தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு ஒன்று 2019இல் வகுத்த வரையறைப்படி, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் கவனிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே. கெண்டைக்காலை டேப்பால் அளப்பதையும் அந்தக் குழு பரிந்துரைக்கிறது. ஆனால் கால் வீங்கியிருப்பவரிடம் அந்த அளவும் எடையைப் போலவே ஏமாற்றும்.