தேறாத பிள்ளையைத் திட்டாதீர்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளிலும், போர்ட் கொச்சி டோபிகானாவிலும் உழைக்கும் தமிழர்களுக்கு மே மாதம் வந்தால் ஒரே கவலை. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு!

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று படிக்கிற பிள்ளை ஒரு பாடத்தில் தவறிவிட்டால், "உனக்காகத்தானே ஊரை விட்டு வந்தேன்" என்று தகப்பனார் சொல்லிவிடுகிறார். அடியைவிட அந்தச் சொல் கடுமையானது.

ஆண்டு வீணாகாது

கேரளத்தில் தவறியவர்களுக்கு "சே" மறுதேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். தமிழ்நாட்டிலும் உடனடித் தேர்வு உண்டு. அதற்காக வாதாடியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கென்றே "சினேகா"வைத் தொடங்கியவர் அவர்.

நேராகக் கேளுங்கள்

பிள்ளை தூங்குவதில்லை, சோற்றைத் தள்ளுகிறான், "நான் உங்களுக்குப் பாரம்" என்கிறான் என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் திறக்கத்தான் உதவும் என்கிறார்கள் மருத்துவர்கள். அவனைத் தனியே விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து கைக்கு எட்டக் கூடாது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். கேரள அரசின் "திஷா" எண் 1056.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.