அப்பாவின் குரலை கம்ப்யூட்டருக்கு மாற்றியது

நம்மூரில் வாய்ஸ்மெயில் பெரிதாக ஓடவில்லை. அந்த இடத்தை 2013-ல் வந்த வாட்ஸ்அப் குரல் செய்தி பிடித்துக்கொண்டது. ஜலகண்டாபுரத்திலிருந்து அப்பா அனுப்பியவை என் பழைய போனில் கிடந்தன. அவர் போய் இரண்டு வருஷம். போன் தானாக அணைய ஆரம்பித்ததும் பயந்துட்டேன்.

ஆண்ட்ராய்டில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரை கேபிள் போட்டு அப்படியே காப்பி செய்யலாம். ஆனா கோப்பின் பெயரில் தேதி உண்டு, அனுப்பியவர் பெயர் கிடையாது. அதனால் அப்பாவோட சாட்டை மீடியாவோடு எக்ஸ்போர்ட்டும் செய்தேன். கூடவே வரும் டெக்ஸ்ட் கோப்பில் யார், எப்போது, எந்தக் கோப்பு என்று இருக்கும். (ரொம்பப் பழசு இதில் விட்டுப்போகலாம், அதுக்குத்தான் ஃபோல்டர் காப்பி.)

எல்லாம் ஓபஸ் வடிவம், விஎல்சி-யில் ஓடும். எம்பி3 ஆக்கிட்டு மூலத்தை அழிச்சிடாதீங்க. ஏற்கெனவே சுருக்கிய ஒலி இன்னும் தேயும். தறிச் சத்தத்துக்கு நடுவே "சாப்டியா கண்ணு" என்பது எனக்கு அப்படியே வேணும்.