மருந்தும் குறியும்

எங்கள் கொடுமுடிக் கோயிலை அணைந்தோடும் காவிரி குடகு மலையிற் பிறந்து வருவதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்குடகில் வாழும் கொடவர்கள் செப்டம்பர் மாதத்தில் ஆயுதங்களுக்கென்றே ஒரு திருநாள் கொண்டாடுகின்றனர். துப்பாக்கிகளுக்குப் பூச்சூட்டிப் பூஜித்தபின், உயர்ந்த மரத்திற் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்துவது அன்றைய விளையாட்டு. நம் ஜில்லாவில் லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். கொடவர்க்கோ அந்த லைசென்ஸினின்று விலக்கு உண்டு.

தேங்காய் விழுந்தால் சுட்டவனுடைய கண்ணையும் கையையும் புகழ்கிறோம். ஆனால், குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் பழந்துப்பாக்கியில், அப்புகழிற் பாதி மருந்தின் அளவுக்கே உரியது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 சேர்ந்த அக்கருமருந்தில், எரிந்தபின் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் எஞ்சும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே ஈரத்துணியாற் குழலைத் துடைக்காவிடில், அடுத்த குண்டு முன்னதன் வழியே செல்லாது. மருந்தைக் கூட்டினால் குண்டு விரையும் என்பது மெய்யே. ஓரளவுக்கு மேற் கூட்டினாலோ குண்டுகள் சிதறி விழும். அளவு மீறிய மருந்து குழலையே பிளந்துவிடவுங் கூடும்.

ஆகவே, பழகிய வேட்டைக்காரன் முதலிற் குறியைத் தொடுவதில்லை. குண்டு இலக்கிற் படுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டு, எந்த அளவில் குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றன என்றே பார்ப்பான். அவ்வளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். அது நிலைத்த பின்பே, குண்டுகள் இடப்புறம் ஒதுங்கினால் பின்குறியை வலப்புறமாக மெல்லத் தட்டுவான். தாழ்ந்து விழுந்தால் முன்குறியின் தலையை அரத்தால் ராவுவான். ராவ ராவக் குண்டு உயரும். இட்ட உப்பை எடுக்க இயலாததுபோல், ராவிய இரும்பையும் மீட்க இயலாது. முன்குறியை முதலில் நெடிதாக விட்டு வைப்பது இதற்காகவே.

இந்த அளவு சமாசாரம் ஒரு காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவிட்டது. கம்பெனிச் சிப்பாய்களிடம் இருந்த பழைய பிரௌன்பெஸ் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. நூறு கஜத்துக்கு அப்பால் அதன் குண்டை நம்புவதற்கில்லை. 1853-ஆம் வருஷத்து என்பீல்டு துப்பாக்கியோ உட்புறம் மூன்று வரிப்பள்ளங்கள் வெட்டப்பெற்றது. அதன் பின்குறி ஏணிபோல் உயரும். அதில் 900 கஜம் வரை கோடுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் மருந்து ஒரே அளவாய் இருந்தாலன்றி அக்கோடுகளுக்கு அர்த்தமில்லை. ஆதலால், சுமார் நாலரை கிராம் மருந்தையும், 34 கிராம் எடையுள்ள ஈயக்குண்டையும் காகிதத்திற் பொதிந்து தோட்டாவாகவே கொடுத்தனர். குண்டைச் சுற்றிய காகிதம் கசடு படிந்த குழலில் வழுக்கி இறங்க வேண்டி அதன்மேற் கொழுப்பும் தடவினர். தோட்டாவின் முனையையோ பல்லாற் கடித்துக் கிழிக்க வேண்டும்!

அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி 1857 ஜனவரியில் டம்டமிலிருந்து பரவிற்று. சிப்பாய்கள் தமக்கு உகந்த பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாமென அம்மாதமே உத்தரவாயிற்று. கையாற் கிழிக்கலாமென்றும் பின்னர் விதியை மாற்றினர். கொழுப்பு இல்லாமலே காரியம் நடக்குமானால், முன்னமே ஏன் யோசிக்கவில்லை? ஒரு தேசத்தாரின் ஆசாரத்தைக் கேட்டறியும் வழக்கம் ஆண்டவர்களுக்கு இல்லை. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார். மே 10-ல் மீரத் பற்றி எரிந்தது.

மூண்ட போரில், எழுந்த சிப்பாய்களிற் பெரும்பாலோர் கையில் இருந்தது பழைய பிரௌன்பெஸ்ஸே. எதிரே வெள்ளைப் பட்டாளத்தாரிடம் என்பீல்டு இருந்தது.

கலகம் அடங்கிய பின் இந்தியப் படைகளுக்கென்று புதிதாக ஒரு துப்பாக்கி செய்து அனுப்பினார்கள். பார்வைக்கு அது என்பீல்டேதான். ஆனால் உள்ளே வரிப்பள்ளங்கள் இல்லாதபடி குழலை அகலக் குடைந்திருந்தார்கள். ஏணிக் குறி இருந்த இடத்தில் அசையாத ஓர் இரும்புக் கட்டியை வைத்திருந்தார்கள்.