சாப்பிடுற இடத்துக்கு வெளிச்சம் வேணும்



லயத்தில் சாப்பாட்டு அறை என்று தனியாக ஒன்று கிடையாது. குசினியில் அடுப்போரமாகச் சாப்பிடுகிறோம், இல்லாவிட்டால் காம்பராவில் பாய் விரித்துச் சாப்பிடுகிறோம். அதே இடத்தில்தான் பிள்ளை பாடம் எழுதுது, தாத்தா படுக்கிறார், வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்கிறோம். ஒரே இடம் இவ்வளவு வேலைக்கும் உதவுகிறது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே விளக்குப் போட்டால்தான் தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இது நம்முடைய குற்றமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்டியவர்கள், வேலை முடிந்து வந்து படுக்க ஓர் இடம் என்றே கணக்குப் போட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு கதவு, சிறிய ஜன்னல். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதற்கு மேல் எத்தனையோ வருஷத்து விறகுப் புகை கூரையிலும் சுவரிலும் கரியாகப் படிந்து கிடக்கிறது.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலர் காம்பராவை அழகுபடுத்தப் பார்க்கிறோம். அது நல்ல ஆசைதான். ஆனால் முதலில் வாங்குவது திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூவும், தவணைக்கு ஒரு மேசையும். கரிச் சுவருக்கு முன்னால் புது மேசை போட்டால் மேசையும் இருட்டில்தான் இருக்கும், தவணை மட்டும் மாசாமாசம் வரும். நாங்கள் சொல்வது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதே. முதலில் புகை வெளியே போக வேண்டும், பிறகு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், அதன் பிறகு வெள்ளை அடிக்க வேண்டும். மேசையும் சீலையும் கடைசியில் வரட்டும்.

புகையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகை நிற்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல் சுலபமாக வரும். வருஷக் கணக்கில் அடுப்பு ஊதுகிற தாய்மாருக்கு நுரையீரல் வருத்தம் வருகிறது, கண்ணில் படலமும் விழுகிறது. "நம்ம அம்மா காலத்துல இருந்து இப்படித்தானே" என்று சொல்வோம். அம்மாவின் இருமலும் அந்தக் காலத்திலிருந்தே இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக 'அனகி' என்கிற மண் அடுப்பு கடைகளில் கிடைக்கிறது. ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வைக்கலாம், விறகும் குறையும். சுற்றிலும் களிமண் பூசி உட்கார வைத்தால் உடையாமல் இருக்கும். ஆனால் அடுப்பை மாற்றியதால் மட்டும் புகை போய்விடாது. அதற்கு மேலே புகைபோக்கி வேண்டும். குறைந்தது கூரை ஓரத்தில் புகை வெளியேற ஓர் இடைவெளியாவது விட வேண்டும். ஈர விறகுதான் அதிகம் புகையும். வெட்டிய விறகை அன்றைக்கே எரிக்காமல், மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிடுங்கள்.

அடுத்தது கூரை வெளிச்சம். செலவழிக்கிற காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது எங்கள் எண்ணம். கூரையில் ஒரே ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, அதே அளவு அலை உள்ள, வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போட்டால் பகல் முழுவதும் விளக்கு வேண்டாம். அலை பொருந்தாவிட்டால் மழைக்கு ஒழுகும். மேல் தகரம் இந்தத் தகட்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். ஆணியை அலையின் மேட்டில், ரப்பர் வாசர் போட்டு அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணி இறங்கும். அடுப்புக்கு நேர் மேலே போட வேண்டாம். சூட்டில் தகடு வளைந்துவிடும், ஒரு மாசத்தில் கரியும் பிடிக்கும். சாப்பிடுகிற, பிள்ளை எழுதுகிற பக்கமாகப் போடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் கூரையிலோ சுவரிலோ கை வைக்கும் முன் நிர்வாகத்திடம் கேளுங்கள். நாலைந்து காம்பராக்காரர் சேர்ந்து, வெல்பெயார் ஐயா மூலம் எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. மற்றது, கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் அதை நீங்களாக வெட்டவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் பெரிய வருத்தமாக வரும். உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாடவும் விடாதீர்கள்.

இனி வெள்ளை அடிப்பது. கரிச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்பும். அதனால் ஒரே பல்ப், வெள்ளைச் சுவருக்குள் இரண்டு பல்ப் மாதிரித் தெரியும். விலை கூடின பெயின்ட் தேவையில்லை, நம் பாட்டன் காலத்துச் சுண்ணாம்பு போதும். அது ஈரச் சுவரை மூச்சுவிட வைக்கும், பூஞ்சணத்தையும் தடுக்கும். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரச் சுவரில் ஒரு மழைக்காலம் போனதும் உரிந்துவிடும்.

முதலில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கரியைத் துடைப்பத்தால் தட்டுங்கள். பிறகு சுடுதண்ணியில் சவர்க்காரத் தூள் கலந்து தேய்த்துக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் அடித்தால் கரி மஞ்சளாக ஊறி வெளியே வரும். பழைய பெயின்ட் இருந்தால் அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்ட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணி தெளித்து நனைத்தே சுரண்டுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பை முதல் நாள் இரவே தண்ணியில் ஊறப்போட்டு, காலையில் பழைய துணியில் வடியுங்கள். ஒரு பிடி உப்பும், கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும், துளி நீலமும் சேர்க்கலாம். பால் மாதிரித் தண்ணியாக இருக்க வேண்டும். சுவரை லேசாக நனைத்துவிட்டு மெல்லியதாக மூன்று தடவை அடியுங்கள், ஒவ்வொரு தடவையும் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, "சுண்ணாம்பு சரியில்ல" என்று நினைக்காதீர்கள், காயக்காயத்தான் வெளுக்கும். தடிப்பாக ஒரே தடவை அடித்தால் செதில் செதிலாக விழும். கூரையின் அடிப்பக்க மரங்களுக்கும் ஒரு தடவை அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நல்ல தண்ணியில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலமும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தை, மாசியில்தான் நல்ல வெயில். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காய்ந்த காலம். தீபாவளி மழையில் அடிப்பதைவிட, முற்பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக் காய்ந்த நாளில் அடிப்பது மேல்.

இரவுக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்று போதும், பழைய 60 வாட் குண்டு பல்ப் அளவுக்கு வெளிச்சம் தரும். மூலையில் தொங்கவிடாமல் சாப்பிடும் இடத்துக்கு மேலே வையுங்கள். வயரைத் தெரிந்த மின் வேலைக்காரரைக் கொண்டே இழுக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவிலிருந்து முறுக்கி ஒட்டின வயரால் தீப்பிடித்தால் லயம் முழுவதும் போய்விடும். 2022 மின்வெட்டில் பல வீடுகளில் குப்பி விளக்கு திரும்ப வந்தது. குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் விஜய கொடகும்புர, உருளாத, கட்டையான, திருகு மூடி போட்ட விளக்கு ஒன்றை உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விளக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த மாதிரி விளக்கை வையுங்கள்.

மேசைக்கு வருவோம். முந்தித் தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தது, இப்போது தேயிலை காகிதப் பையில் போகிறது. ஆனாலும் இரண்டு அடி அகலப் பலகை ஒன்றைச் சுவரில் கீல் போட்டு மாட்டினால், சாப்பிடும்போது இறக்கலாம், பிள்ளை எழுதும்போதும் இறக்கலாம், இரவில் மடக்கிவிட்டுப் படுக்கலாம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பிடிக்கும் என்றால் அதில் ஒரு குறையுமில்லை, வெளிர் நிறப் பாய் ஒன்று போதும். மிச்சமிருக்கிற சுண்ணாம்புத் தண்ணியை வீணாக்காமல் கோழிக்கூட்டுக்கும் கான் ஓரத்துக்கும் அடித்துவிடுங்கள்.