நான்கு கால் மேசையும் ஒரு நாற்கரமும்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. இன்னொரு கிளாஸ் சொல்லி வைத்துவிட்டு உட்காருங்கள்.

நம் பள்ளிக்கூடத்தில் சரிவகம் என்று படித்தோமே, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜோடி மட்டும் இணையாகப் போகும் நாற்கரம், அதற்கு இங்கிலீஷ் மீடியத்தில் டிரபீசியம் என்று பெயர். இணைப் பக்கங்கள் 6, 4 செ.மீ., உயரம் 3 செ.மீ. என்றால், 6-ஐயும் 4-ஐயும் கூட்டி, 3-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் பரப்பு 15 சதுர செ.மீ. இதே படத்தை அமெரிக்காவில் படிக்கும் பேரனிடம் காட்டுங்கள், 'டிரபீசாய்டு' என்பான். அவனைத் திருத்தப் போனால் வம்புதான். லண்டனில் டிரபீசாய்டு என்றால் எந்த இரண்டு பக்கமும் இணையாக இல்லாத நாற்கரம். அமெரிக்கப் புத்தகங்களில் அந்தக் கோணல் நாற்கரத்துக்குத்தான் டிரபீசியம் என்று பெயர். ஆக, பேரனும் சரி, தாத்தாவும் சரி.

கிரேக்கத்தில் 'டிரபீசா' என்றால் மேசை. நான்கு, பாதம் என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. நாம் காலை எண்ணி, உட்காரும் பொருளுக்கு நாற்காலி என்று பெயர் வைத்தோம். அவர்கள் அதே கணக்கைப் போட்டு மேசைக்கு வைத்தார்கள். டிரபீசியம் என்பது 'குட்டி மேசை'.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் நான்குக்கும் தனித்தனிப் பெயர் சொல்லிவிட்டு, மிச்சமுள்ள நாற்கரங்கள் எல்லாமே டிரபீசியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அந்த மூட்டையைப் பிரித்தது 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிட்டுக்கு உரை எழுதிய புரோக்ளஸ். ஒரு ஜோடிப் பக்கம் இணை என்றால் டிரபீசியம். எதுவுமே இணை இல்லை என்றால் டிரபீசாய்டு, அதாவது 'மேசை மாதிரி'. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. இழுத்துக் கோணிய ஒன்றைத்தானே 'மாதிரி' என்போம்?

பிறகு வந்தார் சார்லஸ் ஹட்டன். இங்கிலாந்தின் நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தானும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். படித்து வாத்தியாராகி, உல்லிச் ராணுவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் 1795-இல் வெளிவந்த அவருடைய கணித அகராதியில் இந்த இரண்டு பெயர்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இங்கிலாந்தும் பல பத்தாண்டுகள் அவர் சொன்னபடியே எழுதியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பொருளுக்கே திரும்பிக்கொண்டது. அமெரிக்கா திரும்பவில்லை. நாம் பிரிட்டிஷ் பாடப்புத்தக வழியில் வந்ததால் புரோக்ளஸ் பக்கம் நிற்கிறோம்.

இந்த மேசைக்கு உறவுக்காரர்கள் ஏராளம். ஏதென்ஸ் தெருவில் 'டிரபீசா' என்று போர்டு மாட்டிய இடத்துக்குள் நுழைந்தால் அது பாங்க். பழங்காலத்தில் காசு மாற்றிக் கொடுப்பவர்கள் மேசை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுகிற 'டிரபீஸ்' பிரெஞ்சு வழியாக வந்தது: கீழே கம்பு, இரண்டு பக்கம் கயிறு, மேலே விட்டம், சேர்த்துப் பார்த்தால் நம்முடைய அதே சரிவகம். கருங்கடல் ஓரத்தில் துருக்கியின் டிராப்சான் நகரத்துக்குக் கிரேக்கர்கள் இட்ட பெயர் டிரபீசஸ்.

உங்கள் மணிக்கட்டிலும் இருக்கிறது. கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சின்ன எலும்பு டிரபீசியம். அதை ஒட்டி, ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருப்பது டிரபீசாய்டு. இந்த இரண்டு எலும்புகள் விஷயத்தில் மட்டும் லண்டன் டாக்டருக்கும் நியூயார்க் டாக்டருக்கும் சண்டையே கிடையாது.