தந்தையின் பெயரும் தாயின் வீடும்: கொழும்புப் பறங்கியர்

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும், அவர்களிடம் ஊழியம் புரிந்த பிற ஐரோப்பியரும், இத்தீவிலும் தென்னிந்தியக் கரையிலும் பிறந்த பெண்களை மணந்து உருவாக்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்களே இலங்கையில் பறங்கியர் எனப்படுகின்றனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அவர்களின் தொகை ஏறத்தாழ 38,000 மட்டுமே. ஆயினும் கொழும்பின் நீதிமன்றங்கள், புகையிரத சேவை, பத்திரிகைகள், ஓவியம், புகைப்படக்கலை ஆகியவற்றின் வரலாற்றை அவர்களை விலக்கி எழுத இயலாது.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் கால் ஊன்றியிருந்தது. ஐரோப்பியப் பெண்கள் மிகச் சிலரே கடல் கடந்து வந்தமையால், கம்பனி ஊழியரும், ஊழியத்திலிருந்து விலகிச் சுதந்திரக் குடிகளாக வாழ்ந்த ‘பேர்கர்’ என்போரும், பெரும்பாலும் போர்த்துக்கேயக் கலப்பு மரபுப் பெண்களையே மணந்தனர். அப்பெண்கள் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான மொழி, ஒல்லாந்தர் ஆட்சி முழுவதும் அவ்வீடுகளில் நிலைத்தது. முனையிலோ அதே கம்பனி இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுசென்ற அடிமைகள், பிறந்த ஊரின் பெயராலேயே ஏடுகளில் பதியப்பட்டனர். அவர்களின் சந்ததியினரில் பலரை 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் ‘கலர்ட்’ என்னும் தனி இனமாக வகைப்படுத்தியது; வாழும் இடமும் உரிமையும் அதன்படியே வரையறுக்கப்பட்டன.

இலங்கையில் அத்தகைய சட்டம் எழவில்லை என்றாலும், தந்தைவழி என்னும் வேலி எழுந்தது. ஆண்வழி மூதாதையருள் ஒருவர் ஐரோப்பியராக இருந்தால், தாய் சிங்களவரோ தமிழரோ எவராயினும், பிள்ளை பறங்கியர் எனக் கொள்ளப்பட்டார். கொட்டாஞ்சேனைக் குன்றின் மேல் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், ‘தோம்பு’ எனப்பட்ட ஒல்லாந்தர் காலப் பதிவுகளும் இதற்குச் சான்றாயின. 1908இல் ஆர். ஜீ. அந்தோனிஸ் முதலியோர் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், குடும்பங்களின் தந்தைவழி வம்சாவளிகளைத் திரட்டித் தன் சஞ்சிகையில் வெளியிட்டு வந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தச்சுத் தொழிலாலும் கொல்லுத் தொழிலாலும் வாழ்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் இந்த ஏட்டு உலகுக்கு வெளியே நின்றனர். கிரியோல் மொழியை இன்றுவரை காத்து வருவோர் அவர்களே என்பது நினைக்கத்தக்கது.

புறக்கோட்டையிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எனத் தெற்கே நகர்ந்த ஆங்கிலம் பேசும் பறங்கியர் குடும்பங்களை, 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டம் நிலைகுலையச் செய்தது. அரச சேவையில் எதிர்காலம் இல்லையெனக் கண்ட பலர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, வெள்ளையருக்கே வாயில் திறந்திருந்த அந்நாடு ஐரோப்பிய வம்சத்துக்குச் சான்று கேட்டது. அப்போது வம்சாவளித்தாள் பயண ஆவணமாகவே மாறியது. தோலின் கருமை சற்று மிகுந்த உறவினர் பின்தங்க நேர்ந்த பிரிவுகள், இந்தச் சமூகத்தின் ஆழ்ந்த காயங்களுள் ஒன்று.

தந்தைவழி ஏடு எவ்வளவு குறையுடையது என்பதைத் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு குடும்பமே காட்டுகிறது. 1659இல் ஒல்லாந்த ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் செய்யத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் எனக் குடும்ப மரபு கூறும் ஒரு மருத்துவரே ஒண்டாச்சி குடும்பத்தின் மூதாதை. கொழும்பில் பிறந்து, ஒல்லாந்தில் 1780களின் ‘பேட்ரியட்’ கிளர்ச்சியில் முன்னணியில் நின்ற பீட்டர் குவிண்ட் ஒண்டாச்சியும், 1992இல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாச்சியும் இக்குடும்பத்தினர். பறங்கியருள் மிகப் புகழ்பெற்ற பெயரின் ஆண்வழி, மரபுக் கதையின்படி, தமிழ்நாட்டிலேயே முடிகிறது.

ஏடுகள் விட்டுவிட்ட தாய்மாரை அடுக்களை விடவில்லை. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறும், கறியும், கத்தரிக்காயும், மலாய் உலகிலிருந்து வந்த ‘பிளச்சான்’ என்னும் இறால் துவையலும், ஒல்லாந்த ‘ஃபிரிக்கடெல்’ என்னும் இறைச்சி உருண்டையும் வாழையிலையில் பொதிந்து போறணையில் சூடேற்றப்படும் லம்பிரைஸ், ஒல்லாந்தப் பெயரைச் சூடியிருந்தாலும், நெதர்லாந்தில் பிறந்த உணவன்று. கம்பனிக் காலக் குடும்பங்களில் கலந்த எல்லாக் கரைகளும் அந்தப் பொதிக்குள் இருக்கின்றன. வம்சாவளி காக்க எழுந்த சங்கத்தின் ரீட் அவெனியூக் கட்டடத்தை இன்று கொழும்பு மக்கள் பலர் அறிந்திருப்பதும், அங்கு விற்கப்படும் இந்த லம்பிரைஸ் பொதியின் வாயிலாகத்தான்.